மோட்டோகிராஸுக்கு டூ-ஸ்ட்ரோக் குவாட் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேடுபள்ளமான மண்பாதையில் குதித்து ஓடும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்கு டூ-ஸ்ட்ரோக் ஸ்போர்ட் குவாட் (வேகத்துக்கென்றே செய்த நாலுசக்கர வண்டி) வேண்டும் என்று ஷோரூமுக்குப் போய்ப் பயனில்லை. பெரிய ஜப்பானியக் கம்பெனிகள் நான்குமே அதைக் கைவிட்டுப் பல வருஷம் ஆகிறது. கவாசாகி 1988இலும், ஹோண்டா 1989இலும், சுசுகி 1992இலும் நிறுத்திக்கொண்டன. யமஹா மட்டும் அமெரிக்காவில் 2006 வரை தாக்குப்பிடித்தது. அங்கே மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் அதுவும் முடிந்தது. ஆக, நீங்கள் வாங்கப்போவது ஏறக்குறைய 20 வயசான வண்டி. 40ஐத் தொடும் வண்டியாகவும் இருக்கலாம். பல கை மாறியிருக்கும். ஒவ்வொரு கையும் அதில் எதையாவது கழற்றி வேறு எதையாவது மாட்டியிருக்கும்.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் எஞ்சினைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். கிக்கரை மிதித்ததும் அந்தச் சத்தமும் எண்ணெய்ப் புகை வாசனையும் வந்தால் போதும், கை பர்ஸுக்குப் போய்விடும். ஆனால் டூ-ஸ்ட்ரோக்கில் மலிவாகச் சரிசெய்யக்கூடிய பகுதியே எஞ்சினின் மேல்பாகம்தான். சிலிண்டரைக் கழற்றி, ரீபோர் செய்து (உள்துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து), புது பிஸ்டனும் ரிங்கும் போட ஒரு நல்ல மெக்கானிக்குக்கு அதிக நேரம் ஆகாது. வளைந்த ஃபிரேமும், கிடைக்காத உதிரிபாகமும் அப்படியல்ல. அதனால் என் வரிசை இதுதான்: முதலில் சேசிஸ், அடுத்து உதிரிபாகம் கிடைக்குமா என்பது, கடைசியில் எஞ்சின். கீழே சொல்வது முழுக்க இந்த வரிசையில்தான் போகும். இந்த வண்டிகளும் பந்தயங்களும் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை என்பதால் கணக்கும் அங்கத்தியக் கணக்குதான்.

1. எந்தப் பந்தயம்?

வண்டி தேடும் முன்னால் பந்தய விதிப்புத்தகத்தைத் தேடுங்கள். அமெரிக்காவில் ஏஎம்ஏ (அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம்) அங்கீகாரத்தோடு நடக்கும் தேசிய ஏடிவி, அதாவது குவாட், மோட்டோகிராஸ் தொடர் ஒன்று இருக்கிறது. டென்னசி மாநிலத்து ஹரிகேன் மில்ஸில் உள்ள லொரெட்டா லின் பண்ணைதான் அதன் பேர்பெற்ற களம். அதன் புரோ வகுப்பில் இன்று ஓடுபவை 450 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள். 2004இல் ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர், யமஹா ஒய்எஃப்இசட்450 இரண்டும் வந்ததிலிருந்து அந்த மேல்மட்டத்தில் டூ-ஸ்ட்ரோக்கின் காலம் முடிந்தது. இதை மனசில் வைத்துக்கொண்டே வாங்க வேண்டும். எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்பது மட்டுமே குறி என்றால், நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய 450 வாங்குவது சுலபமான வழி. இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டியதில்லை.

பழைய வண்டிகளுக்கான வகுப்புகள், உள்ளூர் கிளப் பந்தயங்கள், வயது அடிப்படையிலான வகுப்புகள் ஆகியவற்றில்தான் டூ-ஸ்ட்ரோக்குக்கு இடம். உங்கள் வட்டாரத்தில் பந்தயம் நடத்துபவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். சிசி வரம்பு எவ்வளவு? சிலிண்டரைப் பெரிதாக்கியிருந்தால் வகுப்பு மாறுமா? கம்பெனி ஃபிரேம்தான் வேண்டுமா, வெளியார் செய்த ஃபிரேமும் செல்லுமா? எந்த வருஷம் வரையிலான வண்டியைப் பழைய வண்டி என்று ஏற்கிறார்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு வாங்கியவர்கள், ஆசையாகக் கட்டிய வண்டியோடு 450களுக்கு நடுவே போய் நிற்க நேரும்.

அகலத்துக்கு 50 அங்குலம் என்பது வழக்கமான உச்சவரம்பு. மணிக்கட்டில் மாட்டும் கயிறு இழுபட்டதும் எஞ்சினை அணைக்கும் டெதர் சுவிட்சும், கால் சக்கரத்துக்குள் போகாமல் தடுக்கும் நெர்ஃப் பாரும் கட்டாயம். இவை இல்லாத வண்டி தொழில்நுட்பச் சோதனையிலேயே திரும்பிவிடும்.

2. வண்டிகள்

ஸ்போர்ட் குவாடின் பின்பக்கம் ஒரே இரும்புத் தண்டு. காரில் உள்ளதுபோல் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆகவே ஹேண்டிலை மட்டும் திருப்பினால் வண்டி நேராகத் தள்ளிக்கொண்டு போகும். பின்பக்கத்தை வழுக்கவிட்டால்தான் வளைவு திரும்பும். கிளட்சை ஒரு விரலால் தட்டினதும் எஞ்சின் சட்டென்று சீறிப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுமே, டூ-ஸ்ட்ரோக்கின் ருசி அங்கேதான். மறுபக்கமும் உண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்டால் ஃபோர்-ஸ்ட்ரோக் தானாக வேகம் குறையும். இது குறையாது, உருண்டுகொண்டே போகும். பிரேக்கை நம்பித்தான் வளைவுக்குள் நுழைய வேண்டும். எந்த மாடலை எடைபோடும்போதும் இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர் (1986–1989). மோட்டோகிராஸுக்கு ஒரே ஒரு பெயர் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். 66 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 72 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 246 சிசி, தண்ணீர் குளிரூட்டல், ஆறு கியர். நாலே வருஷம் வந்த வண்டிக்கு நிறுத்தி இவ்வளவு காலத்துக்குப் பிறகும் சந்தை இருக்கக் காரணம் சேசிஸ்தான். ஒற்றை சிலிண்டர் என்பதால் எடை குறைவு. ஏறக்குறைய 150 கிலோதான். குதித்து இறங்கும்போது மூக்கு குத்தாமல் சமமாக இறங்கும். நடுத்தர வேகத்தில் எஞ்சின் நன்றாக இழுக்கும். மோட்டோகிராஸ் வளைவுகளில் வேண்டியது அந்த இழுவைதான்.

இன்னொரு காரணம், வெளியார் தொழில். லேகர், ரோல் டிசைன், லோன் ஸ்டார் போன்றவர்கள் இந்த வண்டிக்கென்றே குரோமோலி (வலுவான கலப்பு எஃகு) ஃபிரேம், முன்சக்கரத்தைத் தாங்கும் ஏ-ஆர்ம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்-ஆர்ம் செய்தார்கள். ஹோண்டா ஒரு போல்ட்கூடத் தராமல் போனாலும் முழு வண்டியையே வெளிப் பாகங்களால் கட்டிவிடலாம் என்ற நிலை வேறு எந்தப் பழைய குவாடுக்கும் இந்த அளவுக்குக் கிடையாது. விலையும் அதற்கேற்ப. சுத்தமான 250ஆர் ஒன்றுக்குச் சொல்லும் விலையில் ஓரளவு புதிய 450 வாங்கிவிடலாம் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். அலுப்பு நியாயம்தான்.

வருஷம் முக்கியம். 1986 எஞ்சினின் கனெக்டிங் ராட் அடுத்த வருஷங்களில் வந்ததைவிடக் குட்டை. அதனால் சிலிண்டர், கிராங்க் சமாசாரங்களை வருஷம் பாராமல் கலந்து மாட்டக்கூடாது. ஃபிரேமில் பொறித்திருக்கும் 17 இலக்க எண்ணில் பத்தாவது எழுத்தைப் பாருங்கள்: ஜி என்றால் 1986, எச் என்றால் 1987, ஜே 1988, கே 1989. இது ஃபிரேமின் வருஷம் மட்டுமே. எஞ்சின் வேறு வண்டியிலிருந்து வந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு; எஞ்சின் எண்ணைத் தனியாகக் குறித்துக்கொண்டு விசாரியுங்கள்.

சுசுகி எல்டி250ஆர் குவாட்ரேசர் (1985–1992). பந்தயத்தை மனசில் வைத்து வந்த முதல் நாலுசக்கர வண்டி என்ற பெருமை இதற்குத்தான். ஹோண்டா வர ஒரு வருஷம் முன்பே களத்தில் இறங்கியது. எஞ்சின் கொஞ்சம் முரட்டுத்தனம். வேகம் ஏறியதும் அடிக்கும் அடி ஹோண்டாவைவிடப் பலம் என்று சொல்பவர்கள் உண்டு. 1987இல் வண்டியைப் பெரிய அளவில் மாற்றினார்கள். ஆகவே 1985–86 பாகங்களும் அதற்குப் பிந்தையவையும் பல இடங்களில் பொருந்தாது. வாங்குவதானால் 1987க்குப் பிந்தையதை வாங்குங்கள். ஹோண்டாவைவிடக் குறைந்த விலைக்கு, கிட்டத்தட்ட அதே தரத்தில் ஓடக்கூடிய வண்டி இது. பாகம் தேடும் பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

கவாசாகி டெகேட்-4 (1987–1988). எக்ஸாஸ்ட் வழியை வேகத்துக்கேற்ப மாற்றும் பவர் வால்வு வைத்த எஞ்சின், அந்தக் காலத்துக்கு நல்ல முன்னேற்றம். இரண்டே வருஷம்தான் வந்தது. இதைச் சொன்னதும் ஞாபகம் வரும் பழமொழி, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வண்டி மலிவாக மாட்டலாம். ஒரு சிலிண்டர் போனால் அடுத்ததைத் தேடி அலைவதிலேயே பருவம் முடிந்துவிடும். சேகரிப்பவர்களுக்குச் சரி. வாராவாரம் பந்தயம் ஓட்டுகிறவருக்கு வேண்டாம்.

யமஹா பான்ஷி (1987–2006). உலகத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்த டூ-ஸ்ட்ரோக் குவாட் இதுதான். இரட்டை சிலிண்டர், 64 x 54 மி.மீ., 347 சிசி. இந்த அளவு நம்மூர் ராஜ்தூத் 350 பிரியர்களுக்குப் பரிச்சயமாகத் தெரியும். ராஜ்தூத்துக்குப் பின்னால் இருந்த காற்றில் குளிரும் ஆர்டி350, அதன் வாரிசான தண்ணீர் குளிரூட்டலுள்ள ஆர்டி350எல்சி, அதற்கு அடுத்து இந்த பான்ஷி எஞ்சின் என்று ஒரே வம்சம். இருபது வருஷம் பெரிய மாற்றமில்லாமல் வந்ததால் பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் பான்ஷியின் தாய்வீடு மணல்மேடும் நேர்கோட்டு டிராக்கும்தான். கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்வெளியில் அது ராஜா. மோட்டோகிராஸில் அதன் குறைகள் வரிசையாக வெளிவரும். 250ஆரைவிட 25 கிலோ அளவுக்குக் கூடுதல் எடை. வெறும் கம்பெனி வண்டி ஒடுக்கமாகவும் இருக்கும். எஞ்சின் சக்தி மேலே மேலே போனால்தான் வரும். வளைவு முடிந்து வெளியே வரும்போது ஒரு கியர் தப்பினால் கொட்டாவி விடும். இரண்டு பிஸ்டன், இரண்டு கார்புரேட்டர், இரண்டு சைலன்சர் என்று செலவும் இரட்டிப்பு. அகலமான ஏ-ஆர்ம், நல்ல ஷாக், நடுவேகத்துக்கு ஏற்ற போர்ட்டிங் (சிலிண்டரின் வாயு வழிகளைச் செதுக்குவது), எக்ஸாஸ்ட் பைப் எல்லாம் போட்டு இதை மோட்டோகிராஸில் நன்றாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் 250ஆர் வந்திருக்கும். கையில் ஏற்கெனவே பான்ஷி இருந்தால் அதையே தயார் செய்யுங்கள். மோட்டோகிராஸுக்கென்றே புதிதாக வாங்குவதானால் தவிர்க்கலாம்.

யமஹா பிளாஸ்டர் (1988–2006). 195 சிசி, காற்றில் குளிரும் எளிய எஞ்சின். வேகத்தில் மேலே சொன்ன யாரோடும் போட்டி போடாது. ஆனால் விலை குறைவு, பாகம் ஏராளம், பிரித்து மாட்டக் கற்றுக்கொள்ள இதைவிடச் சுலபமான எஞ்சின் கிடையாது. முதல் பருவம் ஓட்டப்போகும் இளைஞருக்கு நான் தயங்காமல் இதைச் சொல்வேன். டிஆர்எக்ஸ்250ஆரை வாங்கி, ஓட்டத் தெரியாமல் கவிழ்ப்பதைவிட பிளாஸ்டரை முழுக்கப் பிழிந்து ஓட்டக் கற்றவர் சீக்கிரம் முன்னேறுவார்.

சுசுகி எல்டி500ஆர் (1987–1990). குவாட்ஸில்லா என்ற செல்லப்பெயருக்குத் தகுந்த ராட்சசன். மோட்டோகிராஸ் பாதையில் 500 சிசி ஒற்றை சிலிண்டரை ஐந்து சுற்று பிடித்துக்கொண்டிருந்தால் கை மரத்துவிடும். ரசிக்கலாம், பந்தயத்துக்கு வேண்டாம்.

கடைசியாக, கலப்பு வண்டிகள். 250ஆர் பாணி ஃபிரேமிலோ 450இன் ஃபிரேமிலோ மோட்டோகிராஸ் பைக்கின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை இறக்கிக் கட்டுவது. ஹோண்டா சிஆர்250ஆர் எஞ்சின் 2007 வரை வந்தது. யமஹா ஒய்இசட்250 அதற்குப் பிறகும் புதிதாகவே கிடைக்கிறது. கட்டியவர் கை தேர்ந்தவராக இருந்தால் இந்தப் பட்டியலிலேயே வேகமான வண்டி இதுவாகத்தான் இருக்கும். இல்லையென்றால் எஞ்சின் மவுண்ட் விரிசல், செயின் நேராக நிற்காமை, ரேடியேட்டர் போதாமை என்று ஒவ்வொன்றாக வரும். அதோடு விதிப்புத்தகம் இதை ஏற்குமா என்று மறுபடி பாருங்கள்.

3. பணத்தைப் பிரிப்பது

கையில் உள்ள மொத்தத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். பாதியை வண்டிக்கு வையுங்கள். மீதிப் பாதி ஷாக், ஏ-ஆர்ம், ஆக்ஸில், டயர், பாதுகாப்பு உடை, ஒரு முழு மேல்பாக ரிப்பேர் ஆகியவற்றுக்குப் போய்விடும். ஏற்கெனவே அகலப்படுத்தி நல்ல ஷாக் போட்ட வண்டி கொஞ்சம் விலை கூடினாலும் அதுவே லாபம், ஏனென்றால் விற்கிறவர் அந்தப் பாகங்களுக்குக் கொடுத்த விலையில் பாதிகூட அவருக்குத் திரும்பி வராது. எஞ்சினில் ஏகப்பட்ட வேலை செய்து, ஷாக் மட்டும் கம்பெனி ஷாக்காகவே இருக்கும் வண்டி மோட்டோகிராஸ்காரர் வண்டி அல்ல.

4. நேரில் பார்க்கும்போது

போகும் முன் விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் முதல் வேலையாக சைலன்சரில் கை வையுங்கள். சூடாக இருந்தால் சொன்னதைக் கேட்கவில்லை, அல்லது குளிர்ந்த எஞ்சின் சுலபமாக ஸ்டார்ட் ஆகாது.

எஞ்சின் பக்கமே பார்க்காமல் முதலில் கீழே படுங்கள். டார்ச் ஒன்று, பழைய துணி ஒன்று. கீழ் ஏ-ஆர்ம் ஃபிரேமோடு சேரும் இடங்கள், ஸ்டீயரிங் தண்டின் அடிப்பகுதி, பின் ஷாக்கின் மேல் மவுண்ட், கால்வைக்கும் பெக் ஒட்டியிருக்கும் இடம், எஞ்சின் மவுண்ட். இந்த இடங்களில் அழுக்கைத் துடைத்துவிட்டு மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் பெயின்ட் கோடாக வெடித்து உள்ளே துரு தெரிந்தால் அது விரிசல். வலுப்படுத்த ஒட்டிய தகடு தப்பில்லை, ஒழுங்காகச் செய்திருந்தால் நல்லதுதான். நேற்று அடித்த புதுப் பெயின்ட்தான் சந்தேகத்துக்குரியது. ஏன் இப்போது அடித்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

அப்புறம் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். பிரேக் டிஸ்க்கோ ஹப்போ ஆடினால் ஆக்ஸில் வளைந்திருக்கலாம். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆக்ஸிலைத் தாங்கும் கேரியர் பேரிங்கின் நிலை தெரியும். முன்சக்கரத்தையும் அப்படியே ஆட்டி பால்-ஜாயின்ட்டைப் பாருங்கள். ஸ்விங்-ஆர்மைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்து ஆட்டம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அதன் நீளமான போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தால் கழற்றும் நாளில் வியர்வை சிந்த வேண்டியிருக்கும்.

இப்போது எஞ்சின். கியர் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பெரும்பாலும் வாட்டர் பம்ப் சீல். எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்ற அனுமதித்தால் அந்த ஓட்டை வழியே டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் அது ஒருமுறை இறுகிப் பிடித்த எஞ்சின். ஹெட்டைத் திறக்க முடிந்தால் பிஸ்டன் தலையில் பொறித்த ஓவர்சைஸ் எண்ணைப் படியுங்கள். சிலிண்டரை இன்னும் எத்தனை முறை போர் செய்ய முடியும் என்பது அதில் தெரிந்துவிடும். விற்பவர் 250 என்று சொல்லும் வண்டியில் 74 மி.மீ. பிஸ்டன் இருந்தால் அது 310 சிசி. வகுப்பே மாறிவிடும்.

கம்ப்ரஷன் அளக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, ஊசி நிற்கும்வரை கிக் செய்யுங்கள். ஹெட்டை மாற்றிய எஞ்சினில் எண் கூடும் என்பதால் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. பான்ஷியில் இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பதைப் பாருங்கள்.

கம்ப்ரஷனைவிட எனக்கு நம்பிக்கை லீக் டெஸ்ட்டில்தான். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸும் காற்று புகாமல் இருக்க வேண்டும். எங்கேயாவது சிறு ஓட்டை இருந்தால் பெட்ரோலோடு கூடுதல் காற்று சேர்ந்து கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் உருகிவிடும். புது பிஸ்டன் போட்டு ஒரே வாரத்தில் மறுபடி போச்சு என்று புலம்புகிற பலருக்கும் காரணம் இதுதான். செய்வது எளிது. எக்ஸாஸ்ட் ஓட்டையை ரப்பர் அடைப்பானால் மூடுங்கள். கார்புரேட்டர் இருக்கும் இடத்தில் காற்றுக் குழாய் உள்ள இன்னொரு அடைப்பானை மாட்டி, சின்னக் கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். ஆறு நிமிஷம் அப்படியே நிற்க வேண்டும். நிமிஷத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் ஓட்டுவதற்கு முன் சரிசெய்தே ஆக வேண்டும்.

எங்கே ஒழுகுகிறது என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். சிலிண்டர் அடி கேஸ்கெட், ரீட் (உள்ளே வந்த கலவை திரும்பாமல் தடுக்கும் வால்வு) பெட்டி, இன்டேக் ரப்பர் என்று எங்கே குமிழி வருகிறதோ அங்கே. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட். கியர் ஆயில் மூடியைத் திறந்தால் காற்று புஸ்ஸென்று வருகிறதா, கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போயிருக்கிறது. அப்படிப்பட்ட எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். மறுபக்கம் மேக்னெட்டுக்குப் பின்னால் உள்ள சீல் போனால் புகை வராது. ஐடிலிங் இறங்காமல் மேலேயே நிற்கும். அதுதான் ஆபத்தானது. பான்ஷியில் இரண்டு இன்டேக்கையும் இணைக்கும் குறுக்குக் குழாயின் ரப்பர் வெடித்திருப்பது அடிக்கடி பார்க்கும் விஷயம்.

விற்பவர் இதற்கெல்லாம் சம்மதிக்க மாட்டேன் என்றால் பரவாயில்லை. முழு எஞ்சினையும் பிரித்துக் கட்டும் செலவைக் கணக்கிட்டு விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒவ்வொரு கியரிலும், முக்கியமாக இரண்டாவதில், முழு வேகம் கொடுத்துப் பாருங்கள். கியர் எகிறினால் எஞ்சினை நடுவில் பிளந்துதான் சரிசெய்ய வேண்டும். காகிதங்களும் பாருங்கள். இந்த வண்டிகள் திருட்டுப் போவது சகஜம். ஃபிரேம் எண்ணை உரசி அழித்திருந்தால் எவ்வளவு மலிவு என்றாலும் திரும்பி நடந்துவிடுங்கள்.

5. வாங்கிய பிறகு: அகலம், ஷாக், டயர்

இங்கேதான் பந்தயமே தீர்மானமாகிறது. ஏ-ஆர்ம் வாங்கும்போது கடைக்காரர்கள் ‘பிளஸ் டூ, பிளஸ் ஒன்’ என்பார்கள். இரண்டு அங்குலம் அகலம் கூடுதல், ஒரு அங்குலம் முன்னால் தள்ளியது என்று பொருள். பின்பக்கம் நீட்டக்கூடிய ஆக்ஸில் போட்டு 50 அங்குலத்துக்குள் நிறுத்துங்கள். அளக்கும்போது டயரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும், ஓட்டுநர் ஏறிய பிறகு கொஞ்சம் விரியும் என்பதையும் சேர்த்து.

ஷாக் வாங்குவது பெயரைப் பார்த்து அல்ல. எல்கா, ஃபாக்ஸ், ஓலின்ஸ் எதுவாக இருந்தாலும் அது உங்கள் எடைக்கும் உங்கள் ஏ-ஆர்ம் நீளத்துக்கும் அமைக்கப்பட்டிருந்தால்தான் வேலை செய்யும். 60 கிலோ ஆளுக்கு அமைத்த செகண்ட் ஹேண்ட் ஷாக்கை 90 கிலோ ஆள் மாட்டினால் ஒவ்வொரு குதியிலும் அடி தட்டும். ஷாக் செய்பவரிடம் அனுப்பி ஸ்பிரிங்கும் வால்வும் மாற்றச் சொல்லுங்கள். ஹெல்மெட், பூட்ஸோடு உங்கள் எடையைச் சொல்ல மறக்காதீர்கள்.

டயரில் மோட்டோகிராஸ் வழக்கம் முன்னால் 20x6-10, பின்னால் 18x10-8. சின்னப் பின்சக்கரம் வண்டியைத் தாழ்த்திக் கவிழாமல் காக்கும். ஆனால் வேகக் கணக்கும் மாறும். ஸ்பிராக்கெட்டையும் அதற்கேற்பப் பார்க்க வேண்டும். முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைப்பது பின்னால் மூன்று பல் கூட்டியதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

6. எஞ்சினை என்ன செய்யலாம்?

முதல் பருவத்தில் ஒன்றும் செய்யாதீர்கள். சுத்தமான கம்பெனி சிலிண்டர், நடுவேகத்துக்கு ஏற்ற ஒரு நல்ல பைப், நல்ல ரீட், சரியான ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை). அவ்வளவு போதும். பைப் மாற்றினால் ஜெட்டிங் கட்டாயம் மாற்ற வேண்டும். வெயில் காலத்தில் சரியாக இருந்த மெயின் ஜெட் குளிர்காலக் காலையில் மெலிந்துவிடும், ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. பிளாஸ்டரிலும் பான்ஷியிலும் கம்பெனி வைத்த டிஓஆர்எஸ் என்ற ஆக்ஸிலரேட்டர் கட்டுப்பாட்டைப் பலரும் கழற்றிவிடுவார்கள். அது பழுதாகி எஞ்சின் திக்குவது வாடிக்கை. கழற்றினால் டெதர் சுவிட்ச் சரியாக வேலை செய்கிறதா என்பதை இரண்டு முறை பாருங்கள்.

ஆயில் கலவையில் ஹோண்டா கையேடு 20:1, பான்ஷி கையேடு 24:1 என்று சொல்லும். இன்றைய சிந்தெடிக் ஆயிலில் 32:1 பரவலாக ஓட்டுகிறார்கள். அதாவது லிட்டருக்கு 31 மில்லி. எதைத் தேர்ந்தாலும் அதிலேயே நில்லுங்கள். ஆயில் விகிதத்தை மாற்றினால் ஜெட்டிங்கும் நகரும். பிளாஸ்டரில் ஆயில் பம்ப் இருந்தால் அது வேலை செய்கிறதா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே ஓட்டுவதைவிடக் கழற்றிவிட்டுக் கையால் கலந்து ஊற்றுவது நிம்மதி. எத்தனால் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் கார்புரேட்டரில் விடாதீர்கள்.

பந்தயம் ஓட்டும் எஞ்சினுக்குப் பருவத்துக்கு ஒரு முறையாவது புது பிஸ்டனும் ரிங்கும் போட்டுவிடுங்கள். ஏர் ஃபில்டர் ஒவ்வொரு நாளும். மோட்டோகிராஸ் புழுதியில் அழுக்கு ஃபில்டரோடு ஓடும் ஒரே மதியம் ஒரு பிஸ்டனைத் தின்றுவிடும்.

7. பந்தய நாள் பெட்டி

இந்த வண்டிகளில் செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. பிளக் நனைந்தால் நின்ற இடத்தில் கிக் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் பெட்டியில் முதலில் போக வேண்டியது புது பிளக்குகள், பிளக் ஸ்பேனரோடு. கிளட்ச் கேபிளும் லீவரும் ஒவ்வொன்று. இப்போது உள்ளதைவிட ஒரு அளவு பெரியதும் சிறியதுமாக மெயின் ஜெட். செயின் லிங்க், ஒரு டை-ராட், ஒரு பால்-ஜாயின்ட், எண்ணெய் தடவிப் பையில் போட்ட இரண்டு ஏர் ஃபில்டர், டயர் ஒட்டும் பிளக் செட், குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ். டயரில் காற்று 5லிருந்து 7 பிஎஸ்ஐக்குள்தான் இருக்கும் என்பதால் பெட்ரோல் பங்க் கேஜ் இங்கே உதவாது. கலந்த பெட்ரோல் கேனில் விகிதத்தையும் தேதியையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். அவசரத்தில் பக்கத்துக் கூடாரத்துக்காரரின் கலக்காத பெட்ரோலை ஊற்றிவிட்டால் அந்தச் சுற்றோடு எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.